இரண்டாம் ஆண்டு 'அப்நார்மல் பேப்பர்': மாணவர்களும் வீட்டாரும் கேட்கும் கேள்விகள்

இளநிலை உளவியல் படிப்பவர்களுக்கு மனநோய்கள் முறையாக அறிமுகமாவது பிறழ்நிலை உளவியல் தாளில்தான். மதுரையில் எந்தக் கல்லூரியில் கேட்டாலும் பிள்ளைகள் அதை 'அப்நார்மல் பேப்பர்' என்றுதான் சொல்வார்கள். அந்தத் தாளை நடத்துவதால் என்னிடம் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். வகுப்பில் கேட்டவை, வகுப்பு முடிந்து படிக்கட்டில் நிறுத்திக் கேட்டவை, பெற்றோர் போனில் கேட்டவை எல்லாவற்றையும் கலந்து கொடுத்திருக்கிறேன். பாடத்திட்ட வரிசையில் இருக்காது.

படிக்கப் படிக்க எல்லா நோயும் எனக்கே இருப்பது போலத் தோன்றுகிறதே, மேடம்?

பாதி வகுப்புக்கு அப்படித்தான் தோன்றும். மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் இது உண்டு. இதயநோய் படிக்கிற வாரத்தில் நெஞ்சு வலிக்கும், மூளைக் கட்டி படிக்கிற வாரத்தில் தலை வலிக்கும். அதற்கு 'மருத்துவ மாணவர் நோய்' என்று பெயரே இருக்கிறது.

காரணம் எளிது. மனநோய்களின் அறிகுறிகளில் பெரும்பாலானவை யாருக்கும் எப்போதாவது வருபவைதான்: தூக்கம் கெடுவது, எரிச்சல், கவனம் சிதறுவது, யாரையும் பார்க்கப் பிடிக்காமல் இருப்பது. செமஸ்டர் நேரத்தில் இவை இல்லாத பிள்ளையைக் காட்டுங்கள், பார்ப்போம். எனவே பட்டியலில் டிக் அடித்துக்கொண்டே போவதில் பயனில்லை. எத்தனை நாளாக இருக்கிறது, எவ்வளவு கடுமையாக இருக்கிறது, அதனால் உங்கள் வாழ்க்கையில் எது நின்றுபோயிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அதற்காக எல்லாவற்றையும் 'மாணவர் நோய்' என்று ஒதுக்கிவிடவும் கூடாது. வாழ்நாளில் மனநலக் கோளாறு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு 14 வயதுக்குள்ளும், முக்கால்வாசிப் பேருக்கு 24 வயதுக்குள்ளும் அது தொடங்கிவிடுகிறது என்று 2005இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு சொல்கிறது. உங்கள் வயதும் அதுதான். வாரக்கணக்கில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தால் கல்லூரி ஆற்றுப்படுத்துநரிடம் போய்ப் பேசுங்கள். ரீல்ஸ் பார்த்து நீங்களே முடிவுகட்டாதீர்கள்.

எது நோய், எது சாதாரணக் கவலை? கோடு எங்கே இருக்கிறது?

இந்தத் தாளின் உயிரே இந்தக் கேள்விதான். மற்றதையெல்லாம் புத்தகத்தைப் புரட்டித் தெரிந்துகொள்ளலாம்.

பாடநூல்கள் நான்கு அளவுகோல்கள் சொல்லும்: வழக்கத்திலிருந்து விலகல், வேதனை, அன்றாடச் செயல் முடங்குவது, ஆபத்து. இவற்றில் எதையும் தனியாக நம்ப முடியாது. விலகலை மட்டும் பார்த்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து செஸ் ஆடுகிறவனும் நோயாளி ஆகிவிடுவான். வேதனையை மட்டும் பார்த்தால் காதல் முறிந்த எல்லாரும் நோயாளிகள். பித்து நிலையில் இருப்பவரோ 'எனக்கு என்ன குறை, இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை' என்பார். வேதனைப்படுவது வீட்டில் உள்ளவர்கள்தான். ஆகவே நான்கையும் சேர்த்து வைத்து, கூடவே காலத்தையும் பார்க்க வேண்டும். பெரும் மனச்சோர்வு என்று சொல்ல, மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்க நூலான டிஎஸ்எம்மின் கணக்குப்படி ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, ஏறக்குறைய நாள் முழுவதும், இரண்டு வாரமாவது இருக்க வேண்டும். அந்த ஐந்தில் ஒன்று சோகமாகவோ எதிலும் நாட்டமில்லாத நிலையாகவோ கட்டாயம் இருக்க வேண்டும்.

துக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா இறந்த வீட்டில் பதினாறு முடியும்வரை யாருக்கும் சோறு இறங்காது. ஆறாம் மாதம் தீபாவளி வரும்போது அம்மா மறுபடி உடைந்து அழுவார். அதை யாரும் நோய் என்று சொல்வதில்லை. தலைத் திவசமும் கழிந்துவிட்டது. அம்மா இன்னும் இரண்டு தட்டு எடுத்து வைக்கிறார், அப்பாவின் சட்டையைத் துவைத்து மடிக்கிறார், மகள் கல்யாணப் பேச்சில் உட்கார மறுக்கிறார், நாளெல்லாம் அதே நினைவு. அப்போது? டிஎஸ்எம்மின் 2022 திருத்தப் பதிப்பு, 'நீடித்த துயரக் கோளாறு' என்று ஒன்றைச் சேர்த்தது. பெரியவர்களுக்கு இறப்பு நடந்து 12 மாதமாவது ஆகியிருக்க வேண்டும் என்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 ஆறு மாதம் போதும் என்கிறது. ஆனால் அந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் மீறிய துயரமாக இருக்க வேண்டும் என்று இரண்டும் நிபந்தனை போடுகின்றன. ஆக, வெறும் காலண்டரைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அந்த வீட்டின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

டிஎஸ்எம், ஐசிடி என்று இரண்டு எதற்கு? எதைப் படிப்பது?

டிஎஸ்எம் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நூல். ஐந்தாம் பதிப்பு 2013இல் வந்தது, அதன் திருத்தம் 2022இல். ஐசிடி உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல். எல்லா நோய்களும் அதில் உண்டு, மனநோய் அதில் ஒரு அத்தியாயம். பதினோராம் பதிப்பு 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. தேர்வுக்கு டிஎஸ்எம் படிப்பீர்கள். மருத்துவமனைக்குப் போனால் கேஸ் ஷீட்டில் ஐசிடி குறியீட்டைப் பார்ப்பீர்கள். இரண்டையும் பழகிக்கொள்ளுங்கள்.

இந்தப் பட்டியல்களை எவ்வளவு நம்பலாம்? ஆட்கள் கூடி உட்கார்ந்து முடிவு பண்ணியதுதானே?

ஆமாம், ஆட்கள் கூடித்தான் முடிவு செய்கிறார்கள். மனச்சிதைவுக்கோ (ஸ்கிசோஃப்ரினியா) மனச்சோர்வுக்கோ சர்க்கரைக்கு இருப்பது போல ரத்தப் பரிசோதனை இன்றுவரை கிடையாது. பேசிப் பார்த்து, கவனித்து, வீட்டாரிடம் விசாரித்துத்தான் சொல்கிறார்கள். அதனால் தவறும் நடந்திருக்கிறது. தற்பால் ஈர்ப்பு 1973வரை டிஎஸ்எம்மில் நோயாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் அதை நீக்க 1990 ஆயிற்று.

இதில் மதுரைக்கும் ஒரு பங்கு உண்டு. வீட்டாரின் எதிர்ப்புக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் ஒரு விரிவான உத்தரவு போட்டார். பாலீர்ப்பை 'மாற்றுகிறேன்' என்று சிகிச்சை தருவதைத் தடை செய்த உத்தரவு அது. தனக்கு இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று நீதிபதியே சொல்லி, உத்தரவு போடுமுன் ஒரு உளவியலாளரிடம் அமர்வுக்குப் போனார். உளவியல் மாணவர்கள் அந்த உத்தரவை முழுதாகப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. பாடநூலில் இரண்டு வரியில் கடந்துபோகிற விஷயம் ஒருவருடைய வீட்டுக்குள் என்ன செய்யும் என்று அதில் தெரியும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு 'மனநோய் என்பதே கட்டுக்கதை' என்று சில பிள்ளைகள் கிளம்பிவிடுவார்கள். பட்டியலில் பிழை இருந்தது என்பதால் நோயே இல்லை என்று ஆகிவிடாது. மூன்று ராத்திரி தூங்காமல் சுவரோடு பேசிக்கொண்டிருக்கும் மகனை வைத்துக்கொண்டு தவிக்கும் அம்மாவிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

சாமி ஆடுவது நோயா?

வருஷா வருஷம் வரும் கேள்வி. பாண்டி கோயிலுக்கோ, ஊரில் முத்தாலம்மன் பொங்கலுக்கோ போய்வந்த பிள்ளை யாராவது கட்டாயம் கேட்கும். சில சமயம் கேட்கிற பிள்ளையின் அப்பத்தாவே சாமியாடியாக இருப்பார்.

நேரடியாகச் சொன்னால், இல்லை. ஐசிடி-11இல் 'ஆட்கொள்ளல் மயக்கக் கோளாறு' என்று ஒன்று இருக்கிறது. தன் அடையாளம் மறைந்து வேறொரு சக்தி தன்னை ஆள்வதாக உணரும் நிலை அது. ஆனால் அங்கே மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன. அது தானாக, விரும்பாமல் வர வேண்டும். அந்தச் சமூகத்தின் வழிபாட்டில் ஏற்றுக்கொண்ட ஒன்றாக இருக்கக் கூடாது. ஆளுக்கு வேதனையோ வாழ்க்கைக்கு முடக்கமோ தர வேண்டும்.

இதை அப்பத்தாவுக்குப் பொருத்திப் பாருங்கள். கொட்டுச் சத்தம் ஏறும்போதுதான் அவருக்கு அருள் வருகிறது. எங்கே நின்று ஆட வேண்டும், யாருக்குத் திருநீறு கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் ஒழுங்காக நடக்கிறது. தண்ணீர் தெளித்தால் மலையேறிவிடுகிறது. மறுநாள் காலையில் வழக்கம் போல மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறார். ஊரில் மரியாதையும் கூடுகிறது. இதில் நோய் எங்கே இருக்கிறது?

இப்போது இன்னொரு பெண். கல்யாணமாகி எட்டு மாதம். திருவிழா இல்லை, கொட்டு இல்லை. மாமியார் வீட்டில் சமையலறையில் நிற்கும்போது குரல் மாறுகிறது, இறந்துபோன நாத்தனார் பெயரைச் சொல்லிக் கத்துகிறார், விழுந்து பல் கிட்டுகிறது. வாரத்துக்கு இரண்டு முறை வருகிறது. அவருக்கே பயம். இங்கே நிபந்தனைகள் பொருந்துகின்றன. வலிப்பு நோய் இல்லை என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். அப்புறம், அந்த வீட்டில் அவரால் சாதாரணக் குரலில் சொல்ல முடியாதது எது என்று பொறுமையாகக் கேட்க வேண்டும்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் கூட்டிப் போவது தப்பா?

போவதில் தப்பில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுப் போவதும், அங்கே கட்டிப்போட்டுவிட்டு வருவதும்தான் தப்பு.

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைத்திருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிப் போனார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. பின்னாளில் ஏர்வாடி தர்கா வளாகத்திலேயே அரசு மனநல சிகிச்சையைத் தொடங்கியது. வேண்டுதலும் நடக்கும், மருந்தும் கிடைக்கும். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. 'எவனோ செய்வினை வச்சுப்புட்டாய்ங்க' என்று நம்பி வந்த குடும்பத்திடம் முதல் நாளே 'அதெல்லாம் மூடநம்பிக்கை' என்று சொன்னால் அவர்கள் மறுபடி உங்கள் வாசலை மிதிக்க மாட்டார்கள். 'கயிறும் கட்டிக்கங்க, மாத்திரையும் போட்டுக்கங்க' என்றால் கேட்பார்கள்.

மனச்சிதைவு என்றால் ஒரே ஆளுக்குள் இரண்டு பேர் இருப்பதுதானே?

இல்லவே இல்லை. சினிமாவில் காட்டும் 'இரட்டை ஆள்' விவகாரம் வேறொரு கோளாறு. மனச்சிதைவில் ஆள் ஒருவர்தான். அவருக்கும் நடப்புக்கும் உள்ள தொடர்பு குலைகிறது. யாரும் இல்லாதபோது பேச்சுக் குரல் கேட்கும். டிவியில் செய்தி வாசிப்பவர் தன்னைப் பற்றித்தான் சொல்கிறார் என்று உறுதியாக நம்புவார். பேச்சு கோவையாக இருக்காது. இவற்றை 'கூடுதல் அறிகுறிகள்' என்போம்.

வீட்டார் தவறவிடுவது மற்ற பக்கத்தை. முகத்தில் உணர்ச்சி குறைவது, பேச்சு சுருங்குவது, குளிக்காமல் இருப்பது, ஒரு வேலையைத் தொடங்கவே முடியாமல் கிடப்பது போன்றவை 'குறைவு அறிகுறிகள்'. 'சோம்பேறி, திமிரு' என்று திட்டு வாங்குவது இவற்றுக்குத்தான். மருந்து குரல்களை அடக்கும் அளவுக்கு இவற்றைச் சரிசெய்வதில்லை. இங்கேதான் பயிற்சியும் வேலையும் மறுவாழ்வு மையங்களும் தேவைப்படுகின்றன. மதுரையில் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை போன்றவை பல்லாண்டுகளாகச் செய்துவரும் வேலை இது.

திட்டு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவரை ஓயாமல் குறைசொல்லும் வீடுகளிலும், கையைப் பிடித்தபடியே விடாமல் பொத்திவைக்கும் வீடுகளிலும் நோய் திரும்ப வருவது கூடுகிறது என்று லண்டனில் ஜார்ஜ் பிரவுன் தொடங்கிய ஆய்வுகள் காட்டின. குடும்பத்தால்தான் நோய் வந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. பெற்றோரிடம் பேசும்போது இந்த வேறுபாட்டைக் கவனமாகச் சொல்லுங்கள். ஏற்கெனவே குற்ற உணர்ச்சியில் நொந்துபோயிருப்பார்கள்.

பரம்பரையாக வருமா? பெண் கொடுக்கலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

மனச்சிதைவு உள்ள ஒருவரின் பிள்ளைக்கு அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்று. பொதுவாக மக்களிடம் இருப்பது நூற்றில் ஒன்றை ஒட்டியது. அச்சில் வார்த்தது போன்ற இரட்டையரில் ஒருவருக்கு இருந்தாலும் மற்றவருக்கு வரும் வாய்ப்பு பாதிதான், அல்லது அதற்கும் குறைவு. மரபு ஒரு பங்கு, மீதி வேறு பல. கல்யாணப் பேச்சில் நோயை மறைப்பது மட்டும் வேண்டாம். கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்ற நினைப்பும் வேண்டாம்.

எல்லாரும் 'டிப்ரஷன்' என்கிறார்கள். உண்மையில் எப்படி இருக்கும்?

நம் பக்கம் பல பேருக்கு அது உடம்பு வழியாகத்தான் பேசும். அசதி, தலை கனம், நெஞ்சில் எரிச்சல், 'கேஸ்', காலெல்லாம் குடைச்சல். ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் எடுத்து ரிப்போர்ட் கட்டோடு வருவார்கள். 'மனசு எப்படியிருக்கு?' என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறதா, பேரப்பிள்ளையைத் தூக்கக்கூடத் தோன்றவில்லையா என்று கேட்டால் அப்போதுதான் கண் கலங்கும்.

எனக்கு ஓசிடி. புத்தகம் நேராக இல்லையென்றால் பிடிக்காது.

அது ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோய் இல்லை, ஒழுங்கு. கையைக் கழுவிக் கழுவித் தோல் உரிந்த பிறகும் நிறுத்த முடியாமல், இது அர்த்தமற்றது என்று தெரிந்தும் அழுதுகொண்டே மறுபடி குழாயைத் திறக்கிறவரை ஒருமுறை பார்த்தால் அந்த வார்த்தையை விளையாட்டாகச் சொல்ல மாட்டீர்கள்.

சுவரில் 'இளமையில் செய்த தவறா?' என்று ஒட்டியிருக்கிறதே, அது என்ன நோய்?

பையன்கள் தயங்கித் தயங்கிக் கேட்பது இது. பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரில் 'நரம்புத் தளர்ச்சி' நோட்டீஸ் பார்க்காதவர் இங்கே யார்? இந்த லாட்ஜில் இந்தத் தேதியில் வைத்தியர் வருகிறார் என்று போட்டிருக்கும். விந்து போனால் உடம்பு போய்விடும் என்ற பயத்தில் அசதி, பதற்றம், ஆண்மைக் குறைவு எல்லாம் வருவதை இந்திய மனநல மருத்துவர் என்.என். விக் 1960இல் 'தாது நோய்க்குறி' என்று விவரித்தார். சுய இன்பத்தாலோ தூக்கத்தில் விந்து வெளியேறுவதாலோ உடம்புக்குக் கேடு எதுவும் இல்லை. கேடு செய்வது பயம். அந்தப் பயத்தை விற்றே பிழைக்கிறார்கள். ஒரு நல்ல பாலியல் கல்வி வகுப்பும், தேவைப்பட்டால் மனநல மருத்துவரும் போதும். லாட்ஜ் லேகியம் வேண்டாம்.

குடி நோயா, கெட்ட பழக்கமா? நினைத்தால் நிறுத்த முடியாதா?

அளவு கைமீறி, குடிக்காவிட்டால் கை நடுங்கி, வேலையும் குடும்பமும் போகிறது என்று தெரிந்தும் தொடர்ந்தால் அது நோய். டிஎஸ்எம், ஐசிடி இரண்டிலும் இருக்கிறது.

ஆனால் நான் அழுத்திச் சொல்ல வருவது வேறு. நம் பக்கம் கோயிலில் கயிறு கட்டிக் குடியை நிறுத்துவார்கள், கார்த்திகை பிறந்தால் மாலை போட்டு நிறுத்துவார்கள். நல்ல எண்ணம்தான், பலருக்குப் பலித்தும் இருக்கிறது. ஆனால் பல வருஷமாகக் காலையிலேயே குடித்துவந்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். முதல் நாளில் நடுக்கமும் வேர்வையும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு நாள் கிழமை தெரியாத குழப்பம் வரும், இல்லாத பூச்சிகள் ஊர்வது தெரியும், காய்ச்சல் அடிக்கும். 'சாமி குத்தம் ஆயிருச்சு' என்று வீட்டில் பதறுவார்கள். அது மது விடுப்புச் சன்னி. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். கயிறு கட்டுமுன் டாக்டரைப் பார்த்து மருந்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் இதை எடுத்துச் சொல்ல உங்களைத் தவிர வேறு ஆள் இருக்கமாட்டார்.

மாத்திரை போட்டால் அடிமையாகிவிடுவோமா? ஷாக் கொடுப்பார்களா?

மனச்சோர்வுக்கான மருந்துகள் வேலை செய்யத் தொடங்கவே இரண்டிலிருந்து நான்கு வாரம் பிடிக்கும். அந்த இடைவெளியில்தான் பலர் 'ஒண்ணும் கேக்கல' என்று விட்டுவிடுகிறார்கள். அவை மது போல ஆளை ஏங்க வைக்காது. ஆனால் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தூக்க மாத்திரை வகைதான் பழக்கமாகக்கூடியது. அதை மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். மின்அதிர்வு சிகிச்சை 1938இல் இத்தாலியில் தொடங்கியது, இன்றும் இருக்கிறது. மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்ய வேண்டும் என்பது சட்டம். கடுமையான மனச்சோர்வில் சாப்பாடு தண்ணீரே இறங்காதவரைக் காப்பாற்றும். தண்டனையாகக் கொடுப்பது போலக் காட்டுவது சினிமா வேலை.

களப்பயணமாக மனநலப் பிரிவுக்கோ மறுவாழ்வு இல்லத்துக்கோ போகிறோம். எப்படி நடந்துகொள்வது?

போனைப் பையில் வைத்துவிடுங்கள். செல்ஃபி, ஸ்டேட்டஸ் எதுவும் கூடாது. அங்கே ஒருவர் உங்கள் தெருக்காரராக இருந்தால் அவராக அடையாளம் காட்டிக்கொள்ளாதவரை நீங்கள் காட்டிக்கொள்ள வேண்டாம். வீட்டில் போய்ச் சொல்லவும் வேண்டாம். 'உங்களுக்கு என்ன நோய்?' என்று கேட்காதீர்கள். 'என்ன வேலை பாக்குறீங்கண்ணே?', 'எந்த ஊர்க்கா?' என்று சாதாரணமாகப் பேசுங்கள். போகும்போது பயந்து கூட்டமாக ஒட்டிக்கொண்டு போகிற பிள்ளைகள், திரும்பும்போது அங்கே மெழுகுவத்தி செய்கிற அக்கா சொன்ன கதையைச் சொல்லிக்கொண்டு வருவார்கள்.

'நீதான் சைக்காலஜி படிக்கிறியே, இவனுக்கு என்னன்னு பாத்துச் சொல்லு' என்று சித்தப்பா கேட்கிறார்.

பெயர் சொல்லாதீர்கள். நீங்கள் விளையாட்டாகச் சொன்ன ஒரு நோயின் பெயர் சொந்தக்காரர்கள் வாயில் பத்து வருஷம் இருக்கும். அந்தப் பையனுக்குப் பெண் பார்க்கும்போதும் வந்து நிற்கும். 'எனக்குப் பார்க்கத் தெரியாது சித்தப்பா, பெரியாஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, கூட வர்றேன்' என்று சொல்லுங்கள். ராஜாஜி மருத்துவமனையில் சீட்டுப் போட்டு, எந்தப் பிரிவு என்று விசாரித்து, வரிசையில் கூட நிற்பது பெரிய உதவி. உசிலம்பட்டி, மேலூர் பக்கம் என்றால் மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்று அங்குள்ள அரசு மருத்துவமனையில் கேளுங்கள்.

2015-16இல் பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வில் பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதோவொரு மனநலக் கோளாறு இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே போயிருக்கவில்லை. கல்லூரியில் அவசரப்பட்டுப் பெயர் வைக்கிறோம், வீட்டில் வருஷக்கணக்கில் தள்ளிப்போடுகிறோம்.

தோழி 'வாழவே பிடிக்கல' என்கிறாள். நான் என்ன செய்ய?

நேராகக் கேளுங்கள்: 'செத்துப்போயிரலாம்னு தோணுதா?' கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது தவறு. கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை, பெரும்பாலும் பாரம்தான் இறங்குகிறது. அறிவுரை சொல்லாதீர்கள், அம்மா அப்பாவை நினை என்று குற்ற உணர்ச்சி ஏற்றாதீர்கள். திட்டம் ஏதும் வைத்திருக்கிறாளா என்று கேளுங்கள். இருந்தால் தனியே விடாதீர்கள். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் மட்டும் பண்ணாதீர்கள். ஆசிரியரிடமோ வார்டனிடமோ சொல்லுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழக அரசின் 104 இரண்டும் கட்டணமில்லாத எண்கள், இரவிலும் எடுப்பார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்காமல் இருக்காதீர்கள்.

பிஎஸ்சி முடித்ததும் சிகிச்சை கொடுக்கலாமா?

முடியாது. மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் முடித்து மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு வேண்டும். அதற்கு அந்தக் கவுன்சில் ஏற்ற படிப்பில் சேர வேண்டும். விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் பணம் கட்டுமுன் அங்கீகாரத்தைச் சரிபாருங்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சொல்லிவிட்டது. மூன்று மாத டிப்ளமோவில் 'தெரபிஸ்ட்' ஆக்குகிறோம் என்கிற விளம்பரங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருங்கள்.

தேர்வில் ஒரு கேஸ் கொடுத்து 'என்ன நோய்?' என்று கேட்டால் எப்படி எழுதுவது?

ஒரு கேஸ் தருகிறேன். திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் கல்லூரிக்கு வரும் 20 வயது மாணவர். மூன்று மாதமாக வகுப்புக்கு வரவில்லை, அறையைச் சாத்திக்கொள்கிறார், சரியாகக் குளிப்பதில்லை. கூடப் படிப்பவர்கள் வாட்ஸாப்பில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்கிறார்.

பாதிப் பேர் முதல் வரியிலேயே 'மனச்சிதைவு' என்று எழுதிவிடுவார்கள். டிஎஸ்எம் கணக்கில் அதற்கு ஆறு மாதம் வேண்டும், இங்கே மூன்றுதான். ஐசிடி-11இல் ஒரு மாதம் போதும், ஆனால் அறிகுறிகள் போதுமா? குரல் கேட்பதாக எங்கேயும் இல்லை. கடும் மனச்சோர்விலும் இப்படி ஆகலாம். கஞ்சா பழக்கம் உண்டா என்று கேட்கவே இல்லை. இதற்கு முன் அதிகப்படியான உற்சாகத்தில் தூங்காமல் திரிந்த காலம் உண்டா? தைராய்டு பார்த்தார்களா? முதலில் கண்டதை எழுதுங்கள், பிறகு குறைந்தது இரண்டு சாத்தியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆதரவும் எதிர்ப்பும், கடைசியில் இன்னும் என்ன கேட்க வேண்டும் என்பது. அந்த வாட்ஸாப் குரூப்பில் உண்மையிலேயே அவரைக் கேலி செய்து யாராவது எதுவும் போட்டார்களா என்று முதலில் விசாரிக்க வேண்டும் என எழுதும் விடைத்தாளுக்கு நான் இரண்டு மதிப்பெண் கூட்டிப் போடுவேன்.